கதவு வெளியிலிருந்து எப்படித் தெரிகிறது

செஞ்சியில் கோட்டை வேலை பார்த்து ரிட்டயர் ஆனேன் என்று சொன்னால், ராஜகிரி அடிவாரத்தில் டிக்கெட் கிழித்தவள் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்கள், "தெனம் மேல ஏறுவீங்களா? மூச்சு வாங்குமே" என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். நான் பார்த்த கோட்டைகள் செல்போனுக்குள் இருந்தவை. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். ஆனாலும் மூச்சு வாங்கியிருக்கிறது.

எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து பக்கத்து மேசையில் இருந்த பவித்ரா போன வாரம் போன் செய்தாள். "அக்கா, கேமை மூடப்போறாங்களாம். நம்ம ஆபீஸ் ஆளுங்களுக்கு மட்டும் ஒரு மலர் போடுறோம். நீங்க பேசுற மாதிரியே எழுதிக் குடுங்க" என்றாள். "நான் பேசுற மாதிரி எழுதுனா முடியாதேடி" என்றேன். "முடிக்காதீங்க. எழுதுங்க" என்று வைத்துவிட்டாள். எழுதுகிறேன். நம் வீட்டு ஆட்கள் மட்டும் படிப்பது என்பதால்தான் இதையெல்லாம் எழுதத் துணிந்தேன். ஆள் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் படித்தது பத்தாவது வரை. டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, அதையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, மிஷின்கள் துருப்பிடித்த பிறகு அதே இடத்தில் பிரவுசிங் சென்டர் வைத்தேன். ஊரே கையில் போன் வாங்கியதும் அதுவும் போனது. அந்தச் சமயத்தில்தான் பாண்டிச்சேரியில் வாடகை கட்டுபடியாகாத ஒரு கேம் கம்பெனி, திருவண்ணாமலை ரோட்டில் விதைக்கடைக்கு மேலே மாடியைப் பிடித்தது. தமிழில் வேகமாக அடிக்கத் தெரிந்தவள் வேண்டும் என்றார்கள். விளையாடுகிறவர்கள் அனுப்பும் புகாருக்குப் பதில் எழுதுவது வேலை. விளையாட்டை நானாகத்தான் கற்றுக்கொண்டேன். என் கோட்டை தினமும் எரியும், தினமும் கட்டுவேன். படிப்பு அவ்வளவுதான்.

நம் ஆபீஸிலேயே விளையாடாதவர்கள் உண்டு, அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு குன்றும் அதைச் சுற்றி நிலமும் கொடுப்பார்கள். கழனி நெல் தரும், பாறை கல் தரும், குளம் தண்ணீர் தரும். நெல்லைப் போட்டுக் காவலாட்களை வளர்க்க வேண்டும், கல்லைப் போட்டு மதில் எழுப்ப வேண்டும். நெல் வைக்கும் களஞ்சியத்தை நம் கோட்டைக்குள் இருக்கும் பழைய களஞ்சியத்தைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். நாம் வேலைக்குப் போன நேரம் பார்த்து இன்னொருவர் படை அனுப்பி நெல்லை அள்ளிக்கொண்டு போவார். நாமும் அள்ளலாம். ஆனால் ஒருவருக்கொருவர் கொடுக்க முடியாது. கொடுக்க விட்டால் ஒரே ஆள் பத்துக் கோட்டை திறந்து ஒன்றைக் கொழுக்க வைத்துவிடுவான் என்று அதை வைக்கவே இல்லை. முதலில் பேசிக்கொள்ள வசதி இருந்தது. அசிங்க அசிங்கமாகத் திட்டிக்கொண்டார்கள் என்று அதையும் எடுத்துவிட்டார்கள். கோட்டையின் பெயரைக்கூட ஆரம்பத்தில் ஒரு தடவைதான் வைக்க முடியும், மாற்ற முடியாது.

ஆக, எடுக்கலாம், கொடுக்க முடியாது, பேசவும் முடியாது. இதற்குள் இருந்துகொண்டு ஜனங்கள் எனக்கு எழுதுவார்கள் பாருங்கள், சம்பளம் இல்லாமலே அதைப் படிக்க உட்கார்ந்திருப்பேன். ஒரு லாரி டிரைவர், "என் காவலாளுங்க சோத்தத் தின்னுட்டு வேடிக்க பாக்குறானுங்க மேடம், வீட்டோட மாப்பிள்ளைங்க மாதிரி" என்று எழுதினார். மேல்சித்தாமூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண், "எனக்குன்னு பூட்டு இருக்கிற எடம் எனக்கு இது ஒண்ணுதான். அதையும் ஒடச்சிட்டாங்க" என்று எழுதியிருந்தாள். அதைப் படித்த அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

எங்களுக்கு மேலே இருந்தவர் அந்துவான் சார். பாண்டிச்சேரிக்காரர். ஒல்லி. அவர் பேசுவது பக்கத்து மேசைக்குக் கேட்காது. எங்களைத் திட்டியதே இல்லை. ஆனால் எழுதிய பதிலை அனுப்பும் முன் அவரிடம் படித்துக்காட்ட வேண்டும். தன் நாற்காலியை விட்டு எழுந்து, மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்காருவார். முக்காலியில் உட்கார்ந்துவிட்டால் அவர் எங்கள் மேலாளர் இல்லை. புகார் எழுதிய ஆள்.

"இப்ப நான் தோத்துப்போனவன். படிங்க மேடம்."

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று ஆரம்பித்தேன்.

"என்ன சிரமம்?"

"நெல் போச்சு சார்."

"எந்தப் பக்கத்துலேருந்து போச்சு?"

"பாக்கல சார்."

"பாக்காமலே வருத்தப்பட்டுட்டீங்களா? எங்க மாமனார் இப்படித்தான் மேடம். எழவு வீட்டுல நல்லா அழுதுட்டு, வெளிய வந்து செத்தது யாருன்னு கேப்பாரு."

அதிலிருந்துதான் எங்கள் வழக்கம் உறுதியானது. புகார் வந்தால், முதலில் அந்தக் கோட்டைக்குப் போக வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரில் யார் கோட்டையையும் கண்ணால் பார்க்க மட்டும் வழி உண்டு. வெளிக்கதவுக்கு முன்னால் நின்று பார்க்க வேண்டும். மதிலை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பிறகு உள்ளே போய்க் களஞ்சியம், குளம், வீடு. சண்டைக் கணக்கைக் கடைசியாகத்தான் திறக்கலாம். "சண்டைய முதல்ல பாத்தா கட்சி கட்டிடுவீங்க" என்பார். சுற்றி வந்தால் ஆளின் முகமே தெரிந்துவிடும். வீட்டை நடுவில் வைத்து மூன்று மதில் கட்டியவர் இருப்பார். மதிலே இல்லாமல் கோயிலைச் சுற்றிப் பூச்செடியாக வைத்துவிட்டு, ஏன் அடிக்கிறார்கள் என்று கேட்பவரும் இருப்பார். இரண்டு பேருக்கும் ஒரே பதில் எழுத முடியுமா?

முடியும் என்று ஒரு மிஷின் வந்தது. மேலிடத்திலிருந்து அனுப்பினார்கள். அது எந்தக் கோட்டைக்கும் போகாது. யார் யாரை எத்தனை தடவை அடித்தார்கள் என்று மட்டும் பார்க்கும். ஒரே ஆள் ஒரே கோட்டையை விடாமல் கொள்ளையடித்தால், தானாகவே அந்தக் கோட்டைக்குக் காப்புப் போட்டுவிடும். காப்பு என்றால், கதவு மூடிக்கொள்ளும். மதிலைச் சுற்றி நீல வெளிச்சம் வரும். ஒருவரும் நுழைய முடியாது, மதிலுக்கு வெளியே இருப்பதையும் தொட முடியாது. அடிக்கிறவன் மிரட்டி எடுக்க வைத்துவிடக் கூடாது என்று, கோட்டைக்காரராலேயே எடுக்க முடியாதபடி வைத்திருந்தார்கள். நல்லதற்குத்தான். பூட்டு உடைந்த அந்தப் பெண்ணை அந்த மிஷின்தான் காப்பாற்றியது, அதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் கொள்ளையடித்தவருக்கு ஒரு வரி போகும். "இந்தக் கோட்டையின் உரிமையாளர் உங்களிடமிருந்து பாதுகாப்புக் கோரியுள்ளார்." படித்தால் வெட்கப்படட்டும் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அந்துவான் சார் முக்காலியில் உட்கார்ந்து என்னை அதைப் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "அவங்க கோரலையே மேடம், மிஷின்தானே போடுது? கோராதவங்க பேர்ல நாம ஏன் கோரணும்?" என்றார். மேலிடத்துக்கு எழுதினார். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. பரிசீலித்துக்கொண்டே இருந்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு நாள் வந்தது அந்தப் புகார். புகாரில் இரண்டே வார்த்தை. "கதவ தொறங்க."

மிஷின் பதில் சொல்லியிருந்தது. "உங்கள் கோட்டை இப்போது பாதுகாப்பாக உள்ளது! மகிழ்ச்சியாக விளையாடுங்கள்." மறுபடி வந்தது: "யார் கேட்டா பாதுகாப்பு. கதவ தொறங்க." மறுபடி மகிழ்ச்சி. இப்படியே கொஞ்ச நாள் நடந்து, மிஷினுக்குப் பிடிபடாமல் என்னிடம் தள்ளிவிட்டது.

வழக்கப்படி போய்ப் பார்த்தேன். மதில் அருமையான மதில். புதிதாக வந்தவர் கட்ட முடியாத உயரம். ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. ஒரு குளம், ஒரு வீடு. களஞ்சியம் அத்தனையும் மதிலுக்கு வெளியே, வாசல் பக்கத்தில், லாரியில் ஏற்ற அடுக்கிய மூட்டை மாதிரி வரிசையாக இருந்தது. அந்தப் பக்கம் ஒரு காவலாள் இல்லை. வழியில் ஒரு கல் இல்லை. கை நீட்டினால் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாகச் சண்டைக் கணக்கைத் திறந்தேன். ஈச்சங்கழனி என்ற கோட்டையிலிருந்து சாயங்காலம் தோறும் படை வந்திருந்தது. நெல்லை எடுத்தது, போனது. மதிலில் ஒரு கீறல் இல்லை. இவரும் ஒரு தடவைகூட திருப்பி அடிக்கவில்லை.

எங்கள் பாஷையில் இதற்கு ஊட்டுவது என்று பெயர். கொடுக்க வழியில்லாத இடத்தில், திருடு போவது போல வைத்துக் கொடுப்பது. பித்தலாட்டம் செய்பவர்கள் செய்யும் வேலை. தெரிந்தால் இரண்டு கோட்டையையும் அழித்துவிட வேண்டும். அதுதான் விதி. அந்துவான் சாரிடம் போய்ச் சொன்னேன். முக்காலியை இழுத்தார்.

"அவர் என்ன கேட்டாரு?"

"கதவைத் தொறக்கச் சொல்றாரு."

"ஊட்டுறேன்னு சொன்னாரா?"

"இல்ல சார்."

"அவர் சொல்லாதத நாம ஏன் எழுதணும்? கதவு அவரோடது. தொறக்கச் சொல்லிக் கேட்டாரு." மேலிடத்துக்கு அவ்வளவுதான் எழுதினார். அங்கே அதைப் பார்த்துச் சம்மதம் கொடுக்கக் கொஞ்ச நாள் ஆனது. காப்பு எடுக்கப்பட்டது.

கதவு திறந்த பிறகுதான் அந்த ஆளே படியேறி வந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். தலையில் துண்டு, புருவமெல்லாம் நெல் தூசி. நெல் விற்கிற கமிட்டியில் மூட்டை தூக்குபவர். தொண்டூர்ப் பக்கம். ஏழுமலை என்று வைத்துக்கொள்வோம்.

"இங்கதான் கோட்டக்காரங்க இருக்கிறாங்களா?"

பவித்ரா தலையைத் தூக்காமலே, "கோட்டைக்கு நேரா போவணும்ணா. டிக்கெட்டு அங்கயே குடுப்பாங்க" என்றாள்.

"அந்தக் கோட்டைய நான் பொறந்ததுலேருந்து பாக்குறேன். இந்தக் கோட்ட." ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து போனை எடுத்தார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நாற்காலியில் தூசி படும் என்றார்.

"கதவு தொறந்துட்டீங்க, சந்தோஷம். ஆனா வரவேண்டிய ஆளு வரல. வெளிலேருந்து பாத்தா தொறந்த மாதிரி தெரியுதா, மூடுன மாதிரியே தெரியுதா? எனக்கு உள்ளேருந்துதாம்மா தெரியும்."

என் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். திறந்துதான் இருந்தது. நெல் குவிந்து கிடந்தது. குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்புறம் இன்னாத்துக்கு வரல?"

"யாருண்ணா அது? ஈச்சங்கழனி?"

"அது எங்க கழனி பேரு. வேற எவனுக்கும் தெரியாது" என்றார். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார், தரையில்.

பெரிய மகள். வேறு ஆட்கள் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போய்விட்டாள். சொந்தக்காரர்கள் கூடி, இவரைத் தலை முழுகச் சொன்னார்கள். எங்கள் பக்கம் அது சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை. ஊர் பார்க்க நிற்க வைத்துக் குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள். ஊற்றிவிட்டால் அந்தப் பிள்ளை இல்லை என்று அர்த்தம்.

"தண்ணி ஊத்துனது எங்கூடப் பொறந்த அண்ணன். அவன் ஊத்தலன்னா சின்னவ கல்யாணத்துக்கு ஒருத்தனும் வந்து நிக்கமாட்டான்மா. பேசமாட்டேன், போன் பண்ணமாட்டேன்னு சொல்லிட்டுத்தான் குனிஞ்சேன். அவ நம்பரும் மாத்திட்டா."

விளையாட்டைக் கற்றுக்கொடுத்தவளே அவள்தானாம். "நைனா, நீ மூட்ட தூக்குற ஆளு. நெல்ல எங்க வைக்கணும்னு உனக்கு நான் சொல்லித் தரணுமா?" என்று சிரிப்பாளாம். அவள் போன பிறகும் விளையாட்டை இவர் விடவில்லை. ஒரு நாள் நெல் கொள்ளை போயிருந்தது. எவன்டா அது என்று பெயரைப் பார்த்தால் ஈச்சங்கழனி. மறுநாளே களஞ்சியத்தை மதிலுக்கு வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

"பேசக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. அவ வந்து எடுத்துக்கினு போவக் கூடாதுன்னு யாரும் சொல்லல. ஷிப்ட்டு முடிச்சுட்டு வர நேரம்போல, டாண்ணு வந்துடுவா. அப்ப அவ சாப்டப் போறான்னு எனக்குத் தெரியும்."

நான்கூட ஒரு யோசனை சொன்னேன். "நீங்க அவங்க கோட்டைக்கு ஆள் அனுப்புங்களேண்ணா. உங்க பேரைப் பாத்தா புரிஞ்சுக்குவாங்க."

"அனுப்புனா அடிச்சுப் புடுங்குனதாத்தான் ஆவும். பொண்ணு வீட்டுக்குப் போயி எதையாவது தூக்கிக்கினு வருவாங்களா?"

பவித்ரா எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, எனக்குப் பயமாக இருந்த கேள்வியை அவர் கேட்டார்.

"மூடியிருந்தப்ப அவளுக்கு அந்தப் பக்கம் இன்னா தெரிஞ்சுது?"

அந்துவான் சாரைப் பார்த்தேன். எப்போது வந்தாரோ, முக்காலியில் உட்கார்ந்திருந்தார். "படிங்க மேடம்" என்றார்.

படித்தேன். இந்தக் கோட்டையின் உரிமையாளர் உங்களிடமிருந்து பாதுகாப்புக் கோரியுள்ளார்.

"உரிமையாளருன்னா?"

"நீங்கதாண்ணா."

"நான் கேக்கலையே."

"நீங்க கேக்கல. மிஷின் உங்க பேர்ல கேட்டுடுச்சு" என்றார் அந்துவான் சார்.

"அவளுக்கு இன்னா சார் தெரியும் மிஷினு? நைனாதான் கேட்டான்னு நெனப்பா. அவகிட்டருந்து எனக்குப் பாதுகாப்பு வேணும்னு நான் கேட்டன்னு நெனப்பா."

கீழே விதைக்கடையில் மூட்டை பிரிக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு வரி போடுங்க சார் அவளுக்கு. நைனா மூடலன்னு. அவ்ளோதான்."

போட முடியாது. ஒருவருடைய சேதியை இன்னொருவருக்கு நாங்கள் கொண்டுபோகக் கூடாது. ஏன் கொண்டுபோக வேண்டும் என்று எழுதினால் ஊட்டிய விவரம் வெளியே வந்து இரண்டு கோட்டையும் அழியும். அந்துவான் சார் அவரிடம் இதை மழுப்பாமல் சொன்னார். ஏழுமலை துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "அழிச்சிடாதீங்க. இருக்கட்டும்" என்று படியிறங்கிப் போனார்.

அந்துவான் சார் அடுத்து ஒரு காரியம் செய்தார். எல்லாருக்கும் பொதுவாகப் போகும் அறிவிப்பில் ஒரு வரி நுழைத்தார். "சில கோட்டைகளுக்கு உரிமையாளர் கோராமலே காப்பு இடப்பட்டிருக்கலாம்." அதற்காக மேலிடத்தோடு எவ்வளவு நேரம் போனில் பேசினார் என்று எனக்குத் தெரியும். புது பீரங்கி, பொங்கல் தோரணம், கரும்புப் படம் இவற்றுக்கெல்லாம் கீழே அந்த வரி வந்தது. அதை யார் படிக்கிறார்கள்? நானே மற்ற கேம்களில் அதைத் தள்ளிவிட்டுத்தான் விளையாடுவேன்.

அவள் வரவில்லை. வெளியே குவிந்த நெல்லைப் பார்த்து ஊர் பேர் தெரியாதவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் விளைந்ததை ஏழுமலை மறுபடி வெளியே வைத்தார். மறுபடி யாரோ அள்ளினார்கள். மிஷின் அவருக்கு, களஞ்சியத்தை உள்ளே மாற்றுங்கள் என்று அறிவுரை அனுப்பிக்கொண்டே இருந்தது. பாவம், அதற்குத் தெரிந்தது அது.

ஒன்று சொல்லியாக வேண்டும். யார் யார் ஒரு கோட்டையை வெளியிலிருந்து பார்த்தார்கள் என்பதும் எங்கள் கம்ப்யூட்டரில் தெரியும். கதவு திறந்த பிறகு ஒரு சாயங்காலம் ஈச்சங்கழனி வந்திருந்தாள். படை இல்லாமல் வந்து, வாசலுக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போயிருந்தாள். நெல் அப்போது நிறைய இருந்தது. அவள் தொடவில்லை.

அந்துவான் சாரிடம் காட்டினேன். முக்காலியில் உட்காரவில்லை, நின்றபடியே பார்த்தார். "அவர் கேட்டாரா இத?" என்றார். இல்லை என்றேன். "கேட்டாலும் சொல்லக் கூடாது மேடம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

விதி என்பதால் வாயை மூடிக்கொண்டேன். ரிட்டயர் ஆன அன்றைக்கு முதல் வேலையாக இதை அவரிடம் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் வைத்திருந்தேன். ரிட்டயர் ஆனேன். கமிட்டி வாசல் வரைக்கும் போனேன். அவள் வந்தாள் என்று சொன்னால் அடுத்து அவர் என்ன கேட்பார்? "தொறந்திருந்ததப் பாத்துட்டும் எடுக்கலயா?" என்று கேட்பார். விளக்கெண்ணெய் வாங்க வந்தவள் மாதிரி எதிர்க்கடைக்குப் போய்விட்டு வீடு திரும்பினேன்.

இப்போது கேமையே மூடுகிறார்கள். மூடும் அறிவிப்பு எல்லாருக்கும் தனித்தனியாக, ஒரே வாசகமாகப் போயிருக்கிறது. அதை எழுதியது பவித்ரா. அந்துவான் சாருக்கு இப்போது கண் சரியில்லை. ஆனாலும் முக்காலியை இழுத்துப் போட்டாராம். "இப்ப நான் வெளிய நிக்கிற பொண்ணு. படிங்க மேடம்" என்றாராம். பவித்ரா படித்தாளாம். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் சேர்க்கச் சொன்னாராம்.

நேற்று அந்த அறிவிப்பு வந்தது. நான் கமிட்டிக்குப் போனேன். இந்தத் தடவை உள்ளேயே போனேன். ஏழுமலை என்னைப் பார்த்ததும் முதுகு மூட்டையை இறக்கிவிட்டு வந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. சின்னவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டதாம், எல்லாரும் வந்து நின்றார்களாம். அதைச் சொல்லிவிட்டுப் போனை நீட்டினார்.

"பொடி எழுத்தா இருக்குதும்மா. படிச்சுக் காட்டு."

படித்தேன். "இந்த விளையாட்டை எங்கள் நிறுவனம் நிறுத்துகிறது. மாத இறுதியில் அனைத்துக் கோட்டைகளின் கதவுகளும் எங்களால் மூடப்படும்."

"இதேதான் அவளுக்கும் போயிருக்குமா?"

"போன்ல கேம் வச்சிருந்தா, இதேதாண்ணா."

"எங்களாலன்னா கம்பெனியாலன்னுதானே?"

"ஆமாம்."

"கோட்டக்காரன்னு எங்கயும் போடலையே?"

"போடல."

"இன்னொரு தபா படி."

படித்தேன். 'எங்களால்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார். மூட்டை தூக்கித் தேய்ந்த விரல். அது பட்டால் போன் சட்டென்று உணர்வதில்லை.

"அந்த மாசக் கடேசி வரைக்கும் வெளிலதான் வச்சிருப்பேன்" என்றார்.

பின்னாலிருந்து யாரோ, "யோவ் ஏழுமல, வண்டி நிக்குதுய்யா" என்று கத்தினார்கள். போனைக் கவருக்குள் போட்டு, ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டு, முதுகைக் கொடுக்கப் போனார்.